காதருகே ஒரு கச்சேரி

வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடியொன்றில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்தவர். அக்காலம் முழுவதும் சங்கீதம் கேட்டவர். அவருடைய அலுமாரியின் ஒரு தட்டு நிறையக் கசற்றுகள் இருக்கின்றன. வானொலியிலிருந்து பதிந்தவை சில. ஊர்க்கோயில் திருவிழாக்களிலே, மேளக்காரர் அமர்ந்த மேடைக்கருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தம் கையாற் பதிந்தவை பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவர் தோளிற் சுமந்துவந்த பையொன்றில் உறுதிப் பத்திரங்களும் இந்தக் கசற்றுகளுமே இருந்தன.

அண்மையில் அவர் என்னை அழைத்து ஒரு யோசனை கேட்டார். வீட்டிலே பேரப்பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கின்றனர். ஒலிபெருக்கியில் நாதசுரம் கேட்க வழியில்லை. ஆகவே தலையில் அணிந்து கேட்கும் ஹெட்போன் ஒன்று வாங்கவேண்டும். கடைக்காரர் ஒருவரோ, ஹெட்போன் எதுவாயினும் அதனை இயக்கும் அம்பிளிபயரே முதன்மையானது என்று சொல்லி, மூன்று மாத ஓய்வூதியத்தை விழுங்கத்தக்க வால்வுக் கருவியொன்றைக் காட்டியிருந்தார்.

"முந்தி மாதிரித் தம்புரா கேக்குதில்லை, தம்பி. என்ர கருவிதான் பழுதாப் போச்சு எண்டு நினைக்கிறன். நல்ல அம்பிளிபயர் போட்டால் கேக்குமோ?" என்று அவர் வினவினார்.

இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளித்தல் இயலாது. கேட்டல் என்பது ஒரு சங்கிலி. பதிவு, கருவி, செவி ஆகிய மூன்றும் அதன் வளையங்கள். எந்த வளையம் நலிந்திருக்கின்றது என்று அறியாது பணத்தைச் செலவிடுபவர், பெரும்பாலும் நலியாத வளையத்திற்கே செலவிடுகின்றார். இதுவே இக்கட்டுரை சொல்லப் புகுந்த செய்தி.

வீட்டிலிருந்து கேட்ட வரலாறு

காதோடு பொருத்திய கருவியால் வீட்டிலிருந்தே இசை கேட்கும் வழக்கம் வானொலிக்கும் முந்தியது. 1895ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரில் எலெக்ரோபோன் என்னும் சேவை தொடங்கிற்று. நாடக அரங்குகளிலும் தேவாலயங்களிலும் ஒலிவாங்கிகளை வைத்து, அங்கு நிகழ்வனவற்றைத் தொலைபேசிக் கம்பி வழியே சந்தாதாரரின் இல்லங்களுக்கு அனுப்பினர். சீமாட்டிகள் ஏற்பியைக் காதருகே பிடித்தபடி இசைநாடகம் கேட்டனர். வானொலி பரவியபோது அச்சேவை மறைந்தது.

இன்று நாம் தலையில் அணியும் ஹெட்போனுக்கு வழிகாட்டியவர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியேல் போல்ட்வின். தமது திருச்சபையின் பெருமண்டபத்திலே உரைகள் செவ்வையாகக் கேட்கவில்லை என்ற குறையே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது என்பர். 1910ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையினர் அவருடைய கருவியைச் சோதித்து வியந்தனர். நிறைய வேண்டும் என்றனர். அவரோ அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையிற் செய்துகொண்டிருந்தார். சிறு தொகையாகவே அனுப்ப முடிந்தது.

இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. அக்காலத்தில் உலகெங்கும் எளியோர் கையாண்டது கிறிஸ்டல் செற் என்னும் பளிங்கு வானொலிப் பெட்டி. அதற்குப் பற்றறி வேண்டியதில்லை, வால்வும் வேண்டியதில்லை. வான்கம்பியில் வந்து படும் அலையின் வலுவே அதை இயக்கிற்று. அந்த அற்ப வலு ஓர் ஒலிபெருக்கியை அசைக்கப் போதாது. ஆயினும் காதோடு ஒட்டியிருக்கும் மென்சவ்வை அசைக்கப் போதும். அம்பிளிபயர் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லாமல் மனிதர் தொலைதூரக் குரலைக் கேட்டனர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பேர்லின் நகரில் ஒயிகன் பெயர் நிறுவிய தொழிலகம் 1937ஆம் ஆண்டில் டிரி 48 என்னும் இயங்குசுருள் ஹெட்போனை வெளியிட்டது. காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருளொன்று தொங்கும். சுருளிலே மின்னோட்டம் மாறும்போது அது முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டிய மென்சவ்வு காற்றை அசைக்கும். இன்று விற்பனையாகும் ஹெட்போன்களிற் பெரும்பாலானவை இதே முறையில் இயங்குவனவே. 1958ஆம் ஆண்டிலே மில்வோக்கி நகரத்தவரும் ஜாஸ் இசைக் கலைஞருமான ஜோன் கொஸ், இசைத்தட்டுக் கருவியொன்றை மக்களுக்குக் காட்டச் சென்றபோது, கேட்டுப் பார்ப்பதற்காக உடன் வைத்திருந்த ஸ்ரீரியோ ஹெட்போனையே வந்தோர் விரும்பினர். தொலைபேசி நிலையத்துக்கும் கப்பற் கம்பியறைக்கும் உரியதாயிருந்த கருவி அன்று முதல் இசைப்பிரியரின் உடைமையாயிற்று.

திறந்ததா, மூடியதா?

ஹெட்போன் வாங்கப் புகுவோர் முதலில் ஆராய வேண்டியது விலையன்று. தாம் கேட்கும் இடம்.

காதை மூடும் கிண்ணத்தின் பின்புறம் அடைக்கப்பட்டிருப்பின் அதனை மூடிய வகை என்பர். வெளியோசை உள்ளே வருவது குறையும். உள்ளோசை வெளியே போவதும் குறையும். பின்புறம் வலைபோற் திறந்திருப்பின் அது திறந்த வகை. ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்டி 414 என்னும் கருவி இவ்வகையைப் புகழுறச் செய்தது. மஞ்சள் நிறக் கடற்பஞ்சு போன்ற மெத்தையை உடைய அக்கருவி, காதை அடைத்தாலன்றி நல்லோசை பிறவாது என்று எண்ணியிருந்தோரின் எண்ணத்தை மாற்றிற்று.

மூடிய கிண்ணத்துள்ளே, மென்சவ்வின் பின்புறத்து ஓசை சுவரில் மோதித் திரும்பும். அதனைத் திறமையாகக் கட்டுப்படுத்திய கருவிகளும் உள்ளன. கட்டுப்படுத்தாத கருவியில் மிருதங்கம் பானைக்குள் இருந்து ஒலிப்பது போலத் தோன்றும். திறந்த வகையில் இத்தொல்லை குறைவு. குரல் சற்று விலகி, அறையில் நின்று பாடுவது போன்ற ஓர் இயல்பு தோன்றும். ஆனால் அருகிலிருப்பவருக்கும் அப்பாட்டுக் கேட்கும்; தெருவிற் செல்லும் பஸ்ஸின் இரைச்சல் நமக்கும் கேட்கும்.

தெருவோசை மிகுந்த வீட்டில் திறந்த ஹெட்போன் அணிபவர், அவ்வோசைக்கு மேலே இசையை உயர்த்திக்கொண்டே போவர். அது செவிக்குக் கேடு. அத்தகையோருக்கு மூடிய வகையே தக்கது. அல்லது இரைச்சலை எதிரோசையால் அடக்கும் வகை தக்கது. 1978ஆம் ஆண்டு விமானப் பயணமொன்றில் அமர் போஸ் என்னும் பொறியியலாளரின் மனத்தில் உதித்த எண்ணம் இவ்வகைக்குப் பெருந்துணையாயிற்று. வெளியிரைச்சலை ஓர் ஒலிவாங்கி வாங்க, அதற்கு நேரெதிரான அலையைக் கருவி உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இயந்திர முழக்கம் போன்ற தாழ்ந்த, இடையறாத ஓசையை அது நன்கு அடக்கும். மனிதர் பேச்சை அத்துணை அடக்காது.

நமது நாட்டுக்கு இன்னுமொரு நியாயம் உண்டு. கொழும்பின் புழுக்கத்திலே, செயற்கைத் தோலுறை இட்ட மூடிய கிண்ணம் அரைமணி நேரத்துள் காதை வியர்க்கச் செய்யும். அவ்வுறையும் ஈரத்தினால் சில ஆண்டுகளில் உரிந்து உதிரும். துணிமெத்தை இட்டதும், மெத்தையையும் கம்பியையும் தனித்தனியே மாற்றத்தக்கதும், தலையை இறுக்காததுமான கருவியே பல்லாண்டு நிற்கும். கேட்கத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் இனிப்பதும் ஐம்பதாம் நிமிடத்தில் நோவதுமான ஹெட்போன், இராகம் தானம் பல்லவிக்கு உதவாது.

ஓசையை எடை போடுதல்

நல்ல ஹெட்போன் எது? இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்து ஷோன் ஒலிவ், ரொட் வெல்ரி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 2012ஆம் ஆண்டளவில் தொடங்கி அவர்கள் நடத்திய சோதனைகளிலே, கேட்போருக்குக் கருவியின் பெயரும் தோற்றமும் மறைக்கப்பட்டன. வெவ்வேறு நாட்டவரும் வெவ்வேறு வயதினரும் பெரும்பாலும் ஒரே தன்மையான ஒலியையே விரும்பினர். நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கி எவ்வாறு செவிக்கு ஒலிக்குமோ, அதனை ஒத்து ஒலிக்கும் ஹெட்போனையே அவர்கள் நன்றென்றனர். தாழ்ந்த ஓசை ஓங்கி இடிப்பதையும், உயர்ந்த ஓசை ஊசிபோற் குத்துவதையும் அவர்கள் விரும்பவில்லை.

விலை இதற்கு வழிகாட்டுமா? 2017ஆம் ஆண்டில் ஜெரூன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர், 283 ஹெட்போன்களின் மீடிறன் விளைவுகளை, அதாவது தாழ்ந்த ஓசை முதல் உயர்ந்த ஓசை வரை ஒவ்வொன்றையும் கருவி எவ்வளவு வலிமையாக ஒலிக்கின்றது என்பதை, அளந்து விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. விலையுயர்ந்த கருவியில் பொருளும் வேலைப்பாடும் உயர்ந்திருக்கலாம். ஒலியும் உயர்ந்திருக்கும் என்று விலைச்சீட்டைப் பார்த்துச் சொல்லமுடியாது என்பதே அவ்வாய்வின் முடிபு. கொஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட போர்ட்டா புரோ என்னும் சிறு கருவியை இங்கு நினைவுகூரலாம். மெல்லிய உலோகப் பட்டியும் பஞ்சு மெத்தையும் உடைய எளிய பொருள் அது. எனினும் பன்மடங்கு விலையுள்ள கருவிகளோடு ஒருங்கு வைத்துப் பேசப்படுகின்றது.

ஆகவே வாங்குவோர் தம் செவியை நம்ப வேண்டும். அச்செவியைச் சோதனைக்கு ஆயத்தப்படுத்தவும் வேண்டும். கடையில் அவர்கள் ஒலிக்கவிடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்தலாகாது. நூறு முறை கேட்டுப் பழகிய பதிவொன்றை நாமே கொண்டு செல்லல் வேண்டும். கர்நாடக இசை கேட்போர் மூன்று இடங்களை உற்றுக் கேட்கலாம்.

முதலாவது தம்புரா. மேருவிலே நூலிழை வைத்து ஜீவா கூட்டிய தந்தியிலிருந்து, அடிச்சுருதிக்கு மேலே பல மேற்சுரங்கள் ஒளிக்கதிர்போல விரியும். அவை பல ஆயிரம் ஹேர்ட்ஸ் மீடிறன் வரை செல்வன. மங்கலான கருவியில் தம்புரா வெறும் ரீங்காரமாகும். கூரிய கருவியில் தகரமாகும்.

இரண்டாவது மிருதங்கம். 1920ஆம் ஆண்டில் சேர். சி. வி. இராமன், நமது மத்தளவகை வாத்தியங்களின் மேற்சுரங்கள் ஏனைய பறைகளைப் போலன்றிச் சுருதியோடு இயைந்து ஒலிப்பதை விளக்கினார். வலந்தலையிற் பூசப்பட்ட கரணையே அதற்குக் காரணம். வலந்தலையின் அச்சுருதியும் தொப்பியின் ஆழ்ந்த கும்காரமும் தனித்தனியே விளங்கவேண்டும். கும்காரம் எழுந்து பாடகரின் குரலை மூடிவிடக் கூடாது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்போருக்கு இச்சோதனை இன்னும் கடுமையாகும். அவ்விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்து விழுகின்றதா என்று நோக்கலாம்.

மூன்றாவது மனிதக் குரல். நாம் பிறந்த நாள் முதற் கேட்டுவரும் ஓசை அதுவே. அதிலே பொய் கலந்தால் செவி உடனே அறியும்.

இன்னுமோர் எச்சரிக்கை. இரு கருவிகளை ஒப்பிடுங்கால் இரண்டும் சமவலிமையில் ஒலித்தல் வேண்டும். 1933ஆம் ஆண்டில் பிளெச்சர், மன்சன் என்போர் காட்டியபடி, ஓசை தாழ்ந்திருக்கும்போது செவியானது ஆழ்ந்த ஓசைகளை ஏனையவற்றிலும் குறைவாகவே உணர்கின்றது. ஆதலின் சிறிதே உரத்து ஒலிக்கும் கருவி நிறைவானதாகவும் தெளிவானதாகவும் தோன்றும். விற்போர் அறிந்தோ அறியாமலோ பயன்படுத்தும் மயக்கம் இது.

ஹெட்போனுக்குரிய ஒரு குறையையும் மறைத்தலாகாது. ஒலிபெருக்கிக்காக அமைத்த பதிவைக் காதருகே கேட்கும்போது, கச்சேரி முன்னால் நிகழாது தலைக்குள்ளே நிகழ்வது போலத் தோன்றும். ஒற்றைத் தடத்திற் பதிந்த பழைய பதிவாயின் வித்துவான் நெற்றியின் நடுவிலே அமர்ந்துவிடுவார். இதனை எந்த விலையுயர்ந்த கருவியும் முற்றாக நீக்குவதில்லை. சில நாளிற் பழகிவிடும்.

அம்பிளிபயரின் தொழில்

இனிக் கடைக்காரர் வற்புறுத்திய அம்பிளிபயரைப் பார்ப்போம். அதன் தொழில் ஒன்றே. வந்த மின்னலையை அதன் உருவம் கெடாமற் பெரிதாக்கித் தருவது. நல்ல தபாற்காரர் கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பார். அதிலே தாமொரு வரி எழுதமாட்டார்.

இத்தொழிலை நேர்மையாகச் செய்ய ஒரு காலத்தில் அரும்பாடுபட வேண்டியிருந்தது. வால்வுகள் ஒலியைப் பெருக்கியபோதே திரிபையும் சேர்த்தன. 1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள், பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகிலே வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்வாயிலுக்கே திருப்பி அனுப்பினால், கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே அதை வரைந்து வைத்தார். எதிர்ப் பின்னூட்டல் என்னும் அம்முறையும், 1947ஆம் ஆண்டில் அதே ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டரும் சேர்ந்து, திரிபற்ற அம்பிளிபயரை மலிவுப் பொருளாக்கிவிட்டன. விரலளவுள்ள சிறு மாற்றியொன்று இன்று செய்யும் வேலையை அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மேசை நிறைந்த கருவிகளும் செய்தில.

1987ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரியோ ரிவியூ என்னும் அமெரிக்கச் சஞ்சிகை ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 220 டொலர் விலையுள்ள சாதாரணக் கருவி முதல் 12,000 டொலர் விலையுள்ள வால்வு அம்பிளிபயர் வரை, சமவலிமையில், பெயர் மறைத்துக் கேட்கவைத்தனர். கேட்டோர் அவற்றை நம்பத்தக்க முறையில் வேறுபடுத்தி அறியவில்லை. அச்சோதனையை ஏற்காதவரும் உளர்; விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் கைப்பணத்தை எண்ணிச் செலவிடுவோர் அதனை மறத்தல் கூடாது.

அவ்வாறாயின் தனி அம்பிளிபயர் வேண்டியதே இல்லையா? சில ஹெட்போன்களுக்கு வேண்டும். எதற்கு வேண்டும் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். உயர்தரப் பௌதிகம் படிக்கும் மாணவர் இதனை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவர்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஓம் என்ற அலகில் உள்ளது மின்தடங்கல். டெசிபெல் என்ற அலகில் உள்ளது உணர்திறன். அஃதாவது 1 மில்லிவாற்று வலுவைக் கொடுத்தால் எவ்வளவு ஓசை எழும் என்பது. ஜேர்மனியின் பெயர்டைனமிக் நிறுவனத்தின் டிரி 880 என்னும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். அது 32, 250, 600 ஓம் என மூன்று தடங்கல்களிலே வந்தது. உணர்திறன் 96 டெசிபெல்.

அமைதியான அறையில் இசையைச் சராசரி 75 டெசிபெல்லிற் கேட்போம். உச்ச இடங்கள் அதற்கு மேல் 20 டெசிபெல் எழலாம், ஆக 95. இதற்கு வேண்டிய வலு 1 மில்லிவாற்றுக்கும் குறைவு! பளிங்குப் பெட்டி அம்பிளிபயர் இன்றிப் பேசிய மருமம் இதுவே. மெலிதாகப் பதிந்த பழைய நாடாக்களை உயர்த்திக் கேட்பதற்காக, இதன் மேலும் 10 டெசிபெல் இருப்பு வைத்துக்கொள்வோம். 10 டெசிபெல் என்பது பத்து மடங்கு வலு. எனவே 10 மில்லிவாற்று போதும்.

ஆனால் வலுவை மட்டும் நோக்கினாற் போதாது; அதனைச் செலுத்தும் வோல்ற்றளவையும் நோக்கவேண்டும். வலுவைத் தடங்கலாற் பெருக்கி வர்க்கமூலம் காண்க. 10 மில்லிவாற்றுக்கு 32 ஓம் கருவி ஏறத்தாழ 0.57 வோல்ற்று கேட்கும். 250 ஓம் கருவி 1.58 வோல்ற்று கேட்கும். 600 ஓம் கருவி 2.45 வோல்ற்று கேட்கும். கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறு மாற்றிகள் பல 1 வோல்ற்று அளவே தருவன. ஆகவே 32 ஓம் கருவிக்குத் தனி அம்பிளிபயர் வீண்செலவு. 600 ஓம் கருவிக்கு அது தேவை. 250 ஓம் கருவி இரண்டுக்கும் இடையில் நிற்கும். கம்பியின்றி இயங்கும் புளூரூத் ஹெட்போன்களுக்கோ அம்பிளிபயர் உள்ளேயே உண்டு. வெளியே வாங்கும் கருவியால் அவற்றுக்குப் பயன் இல்லை.

மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. அதை விற்போர் அரிதாகவே சொல்வர். அது அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடங்கல். பல ஹெட்போன்களின் தடங்கல் எல்லா மீடிறனிலும் ஒன்றாக இராது. ஆழ்ந்த ஓசையில் உயரும். 32 ஓம் கருவியொன்று ஆழ்ந்த ஓசையில் 64 ஓம் ஆகின்றது என்று கொள்வோம். வெளியீட்டுத் தடங்கலும் 32 ஓம் ஆயின், பொதுவாக ஹெட்போனுக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு பாதி. ஆழ்ந்த ஓசையில் மூன்றில் இரண்டு. ஆக, ஆழ்ந்த ஓசை 2.5 டெசிபெல் வீங்கும். வெளியீட்டுத் தடங்கல் 2 ஓம் ஆயின் அவ்வீக்கம் கால் டெசிபெல் அளவாகச் சுருங்கும், செவி அறியாது. ஹெட்போனின் தடங்கலில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது இத்துறையோர் கைக்கொள்ளும் விதி. வால்வு அம்பிளிபயர்கள் சிலவற்றில் இத்தடங்கல் மிகுதி. அவற்றின் 'இதமான' ஓசை என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இந்த வீக்கமே. அதனை விரும்பிக் கேட்பது குற்றமன்று. அதுவே உண்மையொலி என்று விலைகொடுப்பதுதான் ஏமாற்றம்.

விலைக்குக் கிடையாத கருவி

இக்கணக்கையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் நல்ல மாணவரைப்போலக் கேட்டார்; பின்னர், "அப்ப தம்புரா?" என்றார்.

அவருடைய கருவியை நான் கேட்டுப் பார்த்தேன். தம்புரா தெளிவாகவே ஒலித்தது. அவரிடம் அதைச் சொல்லச் சற்றுத் தயங்கினேன், பின் சொன்னேன். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போவோம் என்றேன். செவிச் சோதனையின் வரைபடத்திலே கோடு 2,000 ஹேர்ட்ஸ் வரை நேராகச் சென்று, அதற்கப்பால் மலைச்சரிவு போலத் தாழ்ந்தது. தம்புராவின் கதிர்கள் விரியும் இடம் அதுவே. கருவியிற் பழுதில்லை, சங்கிலியின் மூன்றாம் வளையமே நலிந்திருந்தது.

உட்செவியிலே மயிரணுக்கள் என்று சொல்லப்படும் நுண்ணிய அணுக்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமை அவற்றைத் தேய்க்கின்றது, பேரோசையும் தேய்க்கின்றது. முதுமையைத் தடுத்தல் நம் கையில் இல்லை. பேரோசையைத் தடுத்தல் நம் விரலில் இருக்கின்றது. வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. சிறுவருக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி; 86க்கு 10 மணி; 89க்கு 5 மணி; 92க்கு வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி மட்டுமே. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் இவ்வரம்பு கடந்து கேட்பதால் செவிப்புலன் இழக்கும் ஆபத்திலுள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரிக்கின்றது.

வலுமிக்க அம்பிளிபயர் ஒன்றை வாங்கி, கேட்காத தம்புராவைக் கேட்கும்வரை அவர் திருகியிருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும்? எஞ்சியிருந்த செவியும் கெட்டிருக்கும். கருவி விற்போர் இதனைச் சொல்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் மாணவருக்குச் சொல்லவேண்டிய செய்தி இது. முன்னே நிற்பவர் உரத்துக் கூவாமற் பேசும் பேச்சு ஹெட்போனைக் கடந்து நமக்குக் கேட்கவில்லையாயின், ஓசை மிகுதி என்று அறிந்து குறைத்தல் நன்று.

முடிவாக நாங்கள் செய்தது இது. ஆசிரியரின் அறையிலே பகலில் தெருவோசை உண்டு. இரவு 9 மணிக்கு மேல் அமைதி உண்டு. அவர் கேட்பது இரவில். ஆகவே துணிமெத்தை இட்ட, தடங்கல் குறைந்த, நடுத்தர விலையுள்ள திறந்த ஹெட்போன் ஒன்றைத் தெரிந்தோம். கைத்தொலைபேசிக்கு ஒரு சிறு மாற்றி வாங்கினோம். அம்பிளிபயர் வாங்கவில்லை. வைத்தியரின் ஆலோசனைப்படி, தொலைபேசியில் உள்ள ஒலிச்சீராக்கியினால் உயர்ந்த ஓசைகளை மட்டும் சிறிதளவு உயர்த்தினோம். முழு ஓசையை உயர்த்தவில்லை. தம்புரா பழையபடி மீளவில்லை. ஆனால் அதன் விளிம்பு சற்றே தெரிகின்றது என்று அவர் சொன்னார்.

மிஞ்சிய பணத்தைச் சங்கிலியின் முதல் வளையத்துக்குச் செலவிட்டார். கசற்றின் காந்தப் பூச்சு காலத்தால் உதிரும், நாடா ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். ஹெட்போனை நாளையும் வாங்கலாம். திருவிழா மேடையில் அன்றிரவு வாசித்த கையை மீண்டும் பெறமுடியாது. ஆகவே அவற்றைத் துப்புரவு செய்து இலக்கமுறைப் பதிவாக மாற்றுவோரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகின்றார். இதுவரை பதினொன்று முடிந்துள்ளன.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் மேசையிற் படித்துக்கொண்டிருந்தனர். அவர் மூலையிற் சாய்கதிரையில், கண்களை மூடியவாறு, தொடையில் விரலால் தாளமிட்டுக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். நாதசுரத்தின் பின்னால், தூரத்திலே, யாரோ ஒரு குழந்தை அழுகின்றது. கச்சான் விற்பவர் கூவுகின்றார். கோயில் மணி ஒலிக்கின்றது.

"மணி கேக்குதோ?" என்றார்.

கேட்டது. அவருக்கும் கேட்டிருந்தது.